மூன்று தீனாரிலிருந்து கடன் அட்டை வரை – ஒரு வரலாற்றுப் பார்வை





சில ஆண்டுகளுக்கு முன் நம் மஹல்லாவில் முப்பத்தாறு வயதுச் சகோதரர் ஒருவர் மாரடைப்பால் வஃபாத்தானார். ஜனாஸா தொழுகைக்கு முன், வழக்கம்போல், மய்யித்திடமிருந்து எவருக்கேனும் கடன் வரவேண்டியிருந்தால் குடும்பத்தாரிடம் தெரிவித்துக்கொள்ளுமாறு ஸஃப்புகளை நோக்கி அறிவித்தோம். பால்காரருக்கு இரண்டு மாத பாக்கி இருந்தது. மளிகைக் கடையில் ஒரு சிறு தொகை இருந்தது. நண்பர் ஒருவர் கொடுத்திருந்த மூவாயிரம் ரூபாயை அவர் அங்கேயே ஹலாலாக்கிவிட்டார். மற்றவற்றை மய்யித்தின் தமையனார் ஏற்றுக்கொண்டார். கடன் இல்லாதவராக அச்சகோதரரைக் கப்ரில் வைத்தோம் என்ற மனநிறைவுடன் வீடு திரும்பினோம்.

அவருடைய மனைவி இத்தாவில் இருந்த நாள்களில்தான் தொலைபேசி ஒலிக்கத் தொடங்கியது. பின்னர் கடிதங்கள் வந்தன. கிரெடிட் கார்டு ஒன்றில் ஒரு இலட்சத்துப் பதினாலாயிரம் ரூபாய் நிலுவை என்றன அவை. பழைய தாள்களைத் தேடி எடுத்துப் பார்த்தபோது, குளிர்சாதனப் பெட்டிக்கும் பிள்ளையின் பள்ளிக் கட்டணத்திற்கும் அவர் செலவிட்டது முப்பத்தெட்டாயிரம் ரூபாய்தான் என்பது தெரிந்தது. எஞ்சியவை அனைத்தும் வட்டியும் அபராதமும் வரியுமே.

அன்று நாம் உரத்த குரலில் கேட்டோம். ஆனால் கடன் கொடுத்தவர் ஸஃப்பில் நிற்கவில்லை. அவருக்கு முகமும் இல்லை. நம் ஊரில் வாசற்படியும் இல்லை. சட்டைப்பையில் கிடந்த ஓர் அட்டையே அவருடைய ஒரே அடையாளம்.

இன்னொன்றையும் மறைக்காமல் கூறவேண்டும். அச்சகோதரர் வஃபாத்தாவதற்கு ஓராண்டுக்கு முன் ஒரு நாள் பஜ்ர் தொழுகைக்குப் பின் நம்மிடம் வந்து, இந்த அட்டையை வைத்திருப்பது கூடுமா என்று கேட்டார். வட்டி ஹராம் என்று ஒரே சொல்லில் பதில் கூறிவிட்டு மக்தப் பிள்ளைகளிடம் சென்றுவிட்டோம். எவ்வளவு கடன், எதனால், எப்படி அடைக்கப்போகிறீர் என்று நாம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவர் சொல்லியிருப்பார் என்றே இன்றும் எண்ணுகின்றோம். அந்தக் கேளாமைக்கு ஈடாகவே கடனின் வரலாற்றையும் கடன் அட்டையின் வரலாற்றையும் தேடிப் படித்து, இப்பக்கங்களில் உங்கள் முன் வைக்கின்றோம்.

மூன்று தீனார்

கடன் வாங்குவதை இஸ்லாம் இழிவாகக் கருதவில்லை. எம்பெருமானார் (ஸல்) அவர்களே கடன் வாங்கியிருக்கின்றார்கள். அவர்கள் வஃபாத்தானபோது அவர்களுடைய போர்க்கவசம் முப்பது ஸாவு வாற்கோதுமைக்காக ஒரு யூதரிடம் அடகில் இருந்ததாக ஸஹீஹுல் புகாரி அறிவிக்கின்றது. அரபுத் தீபகற்பம் முழுவதும் தம் ஆணைக்குக் கட்டுப்பட்ட காலத்திலும், வீட்டாரின் உணவுக்காகப் பொருளை ஈடு வைத்தே அவர்கள் கடன் பெற்றார்கள் என்பதை நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டும்.

திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் எது என்று மதரஸாவின் சிறு மாணவரைக் கேட்டாலும் சொல்லிவிடுவார். அல்பகரா அத்தியாயத்தின் 282-ஆம் வசனம் அது. அது தொழுகையைப் பற்றியதோ நோன்பைப் பற்றியதோ அன்று. கடனை எழுதி வைப்பதைப் பற்றியது. தவணையைக் குறிக்க வேண்டும், எழுதுபவர் நீதியுடன் எழுத வேண்டும், கடன்பட்டவரே வாசகத்தைச் சொல்ல வேண்டும், சாட்சிகள் வேண்டும், சிறிய தொகை என்று சோம்பியிருக்கக் கூடாது என்பன அதன் கட்டளைகள். இவற்றுள் கடன்பட்டவரே வாசகத்தைச் சொல்ல வேண்டும் என்பது ஆழ்ந்த கருத்துடையது. எதற்குக் கட்டுப்படுகிறோம் என்பதைக் கடன்பட்டவர் தம் வாயாலேயே அறிந்து சொல்ல வேண்டும் என்பதே அதன் பொருள். பொடி எழுத்தில் பல பக்கம் அச்சிட்ட ஒப்பந்தத்தில் படித்துப் பாராமல் கையெழுத்திடும் இக்காலத்திற்கு இது நேர் எதிரானதாகும்.

மதீனாவில் ஒரு மய்யித்து கொண்டுவரப்பட்டது. கடன் உண்டா என்று நபி (ஸல்) அவர்கள் வினவினார்கள். மூன்று தீனார் உண்டு என்றும், அடைப்பதற்கு எதுவும் விட்டுச்செல்லவில்லை என்றும் கூறப்பட்டது. உங்கள் தோழருக்கு நீங்கள் தொழுவியுங்கள் என்று கூறி அவர்கள் ஒதுங்கிக்கொண்டார்கள். அபூ கதாதா (ரலி) அவர்கள் அக்கடனைத் தாம் ஏற்பதாகக் கூறிய பின்னரே தொழவைத்தார்கள். பிற்காலத்தில் வெற்றிகளின் மூலம் பொருள் வந்தபோது, கடனோடு இறந்தவரின் கடன் தம் பொறுப்பு என அவர்களே அறிவித்தார்கள். ஜகாத் பெறத் தகுதியுள்ள எட்டுப் பிரிவினருள் கடன்பட்டவரும் ஒருவர் என்பதை அத்தவ்பா அத்தியாயத்தின் 60-ஆம் வசனம் வகுத்துக் கொடுக்கின்றது. ஆகவே கடன்பட்டவரை எச்சரிப்பதும் அவரைக் கைதூக்கி விடுவதும் மார்க்கத்தின் இரு கரங்களாகும். நாமோ பல நேரம் முதற்கரத்தை மட்டும் நீட்டுகின்றோம்.

சுபைர் (ரலி) அவர்களின் இருபத்திரண்டு இலட்சம்

ஹிஜ்ரி 36-ஆம் ஆண்டு, அதாவது கி.பி. 656-இல், ஜமல் போர் நாளன்று சுபைர் இப்னுல் அவ்வாம் (ரலி) அவர்கள் தம் மகனார் அப்துல்லாஹ் (ரலி) அவர்களை அருகில் அழைத்தார்கள். இன்று தாம் அநியாயமாகக் கொல்லப்படலாம் என்றும், தம் கவலைகளுள் பெரியது தம் கடனே என்றும் கூறினார்கள். அடைக்க இயலாமற்போனால் தம் எஜமானனிடம் உதவி கேள் என்றார்கள். யார் அந்த எஜமானன் என்று மகனார் கேட்க, அல்லாஹ் என்று விடையளித்தார்கள்.

கணக்கிட்டபோது கடன் இருபத்திரண்டு இலட்சம் என்று தெரியவந்தது. இவ்வளவு பெருந்தொகை எப்படிச் சேர்ந்தது? மக்கள் தம் பணத்தை அமானிதமாக வைக்க அவர்களிடம் வருவார்கள். அமானிதம் தவறிப்போனால் கொடுத்தவருக்கு நட்டமாகிவிடுமே என்றஞ்சி, அதைக் கடனாகவே வைத்துக்கொள்கிறேன் என்று சுபைர் (ரலி) அவர்கள் கூறுவார்கள். கடனானால் எந்நிலையிலும் திருப்பித் தரவேண்டிய பொறுப்பு தம்மீது வந்துவிடும் அல்லவா? ஆடம்பரத்திற்காக வாங்கிய கடனன்று அது. பிறர் பொருளைக் காக்கத் தம்மைக் கட்டுப்படுத்திக்கொண்ட கடன்.

கையிருப்பாக ஒரு தீனாரோ திர்ஹமோ அவர்கள் விட்டுச்செல்லவில்லை. காபா என்னும் நிலமும், மதீனாவில் பதினொரு வீடுகளும், பஸராவில் இரண்டும், கூஃபாவிலும் மிஸ்ரிலும் ஒவ்வொன்றும் இருந்தன. ஒரு இலட்சத்து எழுபதாயிரத்திற்கு வாங்கிய காபா நிலத்தை மகனார் பதினாறு இலட்சத்திற்கு விலைபேசினார். நான்கு இலட்சம் வரவேண்டியிருந்த அப்துல்லாஹ் இப்னு ஜஅஃபர் (ரலி) அவர்கள், விரும்பினால் தம் பங்கை விட்டுக்கொடுப்பதாகக் கூறியும் மகனார் அதை ஏற்கவில்லை. கடன்கள் தீர்ந்தபின் வாரிசுகள் பங்கு கேட்டனர். அப்போதும் உடனே கொடுக்காமல், சுபைரிடமிருந்து கடன் வரவேண்டியவர் எவரேனும் உண்டா என நான்கு ஆண்டுகள் ஹஜ்ஜுக் காலத்தில் அறிவிப்புச் செய்த பின்னரே பங்கு பிரித்தார்.

ஜனாஸாவில் ஒருமுறை அறிவித்துவிட்டு அமைதியடையும் நமக்கு, நான்கு ஹஜ்ஜுகளில் அறிவித்த இந்த மகனார் பெரும் பாடம் அல்லவா?

முன்னோர் கண்ட கடன் தாள்கள்

பணம் கையில் இல்லாமலேயே பொருள் வாங்கும் முறை மேல்நாட்டார் கண்டுபிடித்தது என்று பலர் எண்ணுகின்றனர். வரலாறு அவ்வாறு கூறவில்லை. மேற்சொன்ன அப்துல்லாஹ் இப்னுஸ் சுபைர் (ரலி) அவர்களே, மக்காவில் மக்களிடம் திர்ஹம்களைப் பெற்றுக்கொண்டு, இராக்கில் இருந்த தம் சகோதரர் முஸ்அபுக்குக் கடிதம் எழுதிக் கொடுப்பார்களாம். கொண்டு செல்பவர் அங்கே தொகையைப் பெற்றுக்கொள்வார். இதைப் பிற்கால ஃபிக்ஹு நூல்கள் ஸுஃப்தஜா என்று அழைத்தன. வழிப்பறி அச்சத்திலிருந்து தப்பும் இலாபம் கடன் கொடுத்தவருக்குக் கிடைக்கின்றதே, அதுவும் கூடுமா என்று கூட நம் இமாம்கள் நுணுகி ஆராய்ந்தனர். அதனை நிபந்தனையாக்கினால் மக்ரூஹ் என ஹனஃபி மத்ஹபினர் தீர்த்தனர். கடனிலிருந்து வரும் சிறு பயனையும் அவர்கள் எவ்வளவு கூர்ந்து நோக்கினர் என்பதற்கு இது சான்றாகும்.

கி.பி. பத்தாம் நூற்றாண்டுப் பயணியான இப்னு ஹவ்கல், சஹாரா பாலைவனத்தின் தென்புறத்திலுள்ள அவ்தகஸ்து நகரில் ஒரு கடன் சீட்டைக் கண்டதாக எழுதுகின்றார். ஸிஜில்மாஸா வணிகர் ஒருவருக்கு வரவேண்டிய அத்தொகை 42,000 தீனார்! அச்சீட்டின் பெயர் ஸக். பதினோராம் நூற்றாண்டில் பஸராவுக்குச் சென்ற நாஸிர் குஸ்ரவ், அங்குள்ள வணிகர்கள் தம் பொருளை நாணய மாற்றுநரிடம் ஒப்படைத்துவிட்டு, கடைதோறும் அவர் மீது சீட்டெழுதியே கொள்முதல் செய்ததை விவரிக்கின்றார். நம் தமிழகக் கடற்கரை வணிகத்தில் உண்டியல் என்ற சொல் அப்படித்தான் வழங்கியது. இன்று காணிக்கைப் பெட்டியைக் குறிக்கும் அச்சொல், அக்காலத்தில் ஊருக்கு ஊர் பணம் மாற்றும் சீட்டைக் குறித்தது.

நாஸிர் குஸ்ரவ் கண்ட சீட்டுக்குப் பின்னால் ஏற்கெனவே ஒப்படைத்த பொருள் இருந்தது. முஸ்அபுக்கு எழுதிய கடிதத்திற்குப் பின்னால் மக்காவில் எண்ணிக் கொடுத்த பணம் இருந்தது. இல்லாத பணத்தை முதலில் செலவழித்துவிட்டுப் பின்னர் தேடும் கருவியாக அவை இருக்கவில்லை. இவ்வேறுபாட்டை மனத்தில் இருத்திக்கொண்டு அமெரிக்காவுக்குச் செல்வோம்.

அட்டை பிறந்த கதை

கிரெடிட் கார்டு என்னும் பெயர் முதலில் ஒரு கதைப் புத்தகத்தில் பிரபலமாயிற்று என்பது வியப்பான செய்தி. எட்வர்ட் பெல்லமி என்ற அமெரிக்க எழுத்தாளர் 1888-இல் வெளியிட்ட நாவலில், கி.பி. 2000-இல் மக்கள் எப்படி வாழ்வார்கள் என்று கற்பனை செய்தார். அதில் ஒவ்வொரு குடிமகனுக்கும் நாட்டின் ஆண்டு வருமானத்தில் ஒரு பங்கு ஓர் அட்டையில் வரவு வைக்கப்படும். அதைக் கொண்டு தேவையானவற்றை வாங்கிக்கொள்ளலாம். அது கடனுமன்று, அதற்கு வட்டியுமில்லை. பெயர் அப்படியே நிலைத்தது. பொருள் மட்டும் தலைகீழாயிற்று.

1946-இல் நியூயார்க் நகரின் புரூக்ளின் பகுதியில் ஜான் பிக்கின்ஸ் என்ற வங்கியாளர், அக்கம்பக்கத்துக் கடைகளில் மட்டும் செல்லும் ஒரு முறையைத் தொடங்கினார். 1950-இல் ஃபிராங்க் மெக்னமாரா டைனர்ஸ் கிளப்பை நிறுவினார். உணவகம் ஒன்றில் பணப்பையை மறந்துவிட்டு அவமானப்பட்டதால் அவருக்கு இந்த எண்ணம் தோன்றியதாக ஒரு கதை உலவுகின்றது. அது விளம்பரத்திற்காக அழகூட்டப்பட்ட கதை என்று அந்நிறுவனத்தின் விளம்பரப் பொறுப்பாளரே பின்னர் ஒப்புக்கொண்டார். தொடக்கத்தில் அது உணவகங்களுக்கான அட்டைதான். உறுப்பினர் மாத இறுதியில் முழுத் தொகையையும் செலுத்திவிட வேண்டும். நிறுவனத்தின் வருவாய், உணவகங்கள் தரும் கழிவும் உறுப்பினர் தரும் ஆண்டுக் கட்டணமும்தான். அதுவரை அட்டை ஒரு வசதியாக மட்டுமே இருந்தது.

திருப்பம் 1958-இல் நேர்ந்தது. அவ்வாண்டு செப்டம்பர் 18 அன்று, கலிஃபோர்னியா மாநிலத்தின் ஃபிரெஸ்னோ நகர மக்களுக்கு பேங்க் ஆஃப் அமெரிக்கா 60,000 அட்டைகளை அஞ்சலில் அனுப்பியது. எவரும் விண்ணப்பிக்கவில்லை, எவரும் கேட்கவில்லை. வீட்டுக்கதவைத் தட்டிக் கடன் வந்தது. முழுத் தொகையையும் செலுத்த வேண்டியதில்லை. ஒரு பகுதியைச் செலுத்திவிட்டு எஞ்சியதை வட்டியோடு அடுத்த மாதத்திற்குத் தள்ளலாம் என்பதே அதன் புதுமை. சுழல் கடன் என்று இதைச் சொல்வர்.

நூற்றுக்கு 4 பேர் தவணை தவறுவர் என்று வங்கி எதிர்பார்த்தது. 22 பேர் தவறினர். திருட்டும் மோசடியும் பெருகின. முதல் 15 மாதங்களில் ஏற்பட்ட நட்டம் 88 இலட்சம் டாலர் எனக் கணக்கிடப்பட்டது. திட்டத்தை வகுத்த அதிகாரி ஜோசஃப் வில்லியம்ஸ் பதவியை விட்டு விலகினார். ஆயினும் வங்கி கைவிடவில்லை. சில ஆண்டுகளில் இலாபம் கண்டது. 1966 முதல் மற்ற வங்கிகளுக்கும் உரிமம் வழங்கியது. அவ்வட்டையே 1976-இல் விசா என்று பெயர் மாறியது. 1966-இல் போட்டி வங்கிகள் சேர்ந்து உருவாக்கிய அமைப்பின் அட்டை 1979-இல் மாஸ்டர்கார்டு ஆயிற்று.

சட்டம் ஒருபுறம், வட்டி மறுபுறம்

கேளாமல் அட்டை அனுப்புவதை அமெரிக்க நாடாளுமன்றம் 1970-இல் தடைசெய்தது. ஆனால் வட்டி விகிதத்தின் அணை 1978-இல் உடைந்தது. அட்டை வழங்கும் வங்கி எந்த மாநிலத்தில் இருக்கின்றதோ அம்மாநிலத்தின் வட்டி விகிதத்தையே பிற மாநிலத்தாரிடமும் வாங்கலாம் என்று அவ்வாண்டு அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வட்டிக்கு உச்சவரம்பு வைத்திருந்த மாநிலங்களின் சட்டங்கள் இதனால் வலுவிழந்தன. 1980-ஐ ஒட்டி, வரம்பை நீக்கிய தெற்கு டகோட்டா மாநிலத்தின் சூ ஃபால்ஸ் என்னும் நகருக்கு சிட்டி வங்கி தன் அட்டைப் பிரிவையே பெயர்த்துக்கொண்டு போனது.

குறைந்தபட்சத் தொகை என்னும் கண்ணியும் மெல்ல இறுகியது. முன்பு நிலுவையில் 5 விழுக்காடாக இருந்ததை 2 விழுக்காடு வரை தாழ்த்தினர். செலுத்த வேண்டியது குறைந்ததாக மக்கள் மகிழ்ந்தனர். கடன் நீண்டதை அவர்கள் கவனிக்கவில்லை. குறைந்தபட்சத் தொகையை மட்டும் செலுத்தினால் கடன் தீர எத்தனை ஆண்டுகள் ஆகும் என்பதை மாதக் கணக்குத் தாளிலேயே அச்சிட வேண்டும் என்று சட்டம் வந்தது 2009-இல்தான்.

தென்கொரியாவின் அனுபவமும் நாம் அறியத்தக்கது. 1997-இன் பொருளாதார நெருக்கடிக்குப் பின், மக்களின் செலவைப் பெருக்கவும் வணிகக் கணக்குகளை வெளிச்சத்துக்குக் கொண்டுவரவும் அரசே அட்டையை ஊக்குவித்தது. அட்டையில் வாங்குவோருக்கு வரிச்சலுகை அளித்தது. அட்டை ரசீதுகளுக்குக் குலுக்கல் பரிசு கூட வைத்தது. 2003-இல் கடன் தவறியோர் எண்ணிக்கை 35 இலட்சத்தைத் தாண்டியது. பெரிய அட்டை நிறுவனமான எல்ஜி கார்டை வங்கிகள் கூடித் தாங்கிப் பிடிக்க நேர்ந்தது. ஓர் அட்டையின் கடனை அடைக்க இன்னோர் அட்டையில் பணம் எடுத்தவர்களின் கதை அது.

நம் நாட்டில்

இந்தியாவில் வங்கி வழங்கிய கடன் அட்டையின் வரலாறு 1980-இல் சென்ட்ரல் பேங்க் ஆஃப் இந்தியாவுடன் தொடங்குகின்றது. 1990-களில் வெளிநாட்டு வங்கிகளும், 1998-இல் ஸ்டேட் வங்கியின் அட்டை நிறுவனமும் களத்தில் இறங்கின. 2000-இல் சிபில் நிறுவனம் தோன்றியது. ஒருவர் எந்த வங்கியில் தவணை தவறினாலும் எல்லா வங்கிகளும் அறியும் காலம் அதன்வழி வந்தது. 2024-இன் தொடக்கத்தில் நாட்டில் புழங்கும் கடன் அட்டைகள் 10 கோடியைக் கடந்தன.

2008-இல் தேசிய நுகர்வோர் குறைதீர் ஆணையம், கடன் அட்டைக்கு ஆண்டுக்கு 30 விழுக்காட்டுக்கு மேல் வட்டி வாங்குவது முறையற்ற வணிகம் என்று தீர்ப்பளித்தது. வங்கிகள் மேல்முறையீடு செய்ததில் அத்தீர்ப்பு நிறுத்திவைக்கப்பட்டது. 2024 டிசம்பர் 20 அன்று உச்ச நீதிமன்றம் அதனை இரத்து செய்தது. ஆகவே 30 விழுக்காடு என்ற வேலியும் இல்லை.

எனினும் 2022-இல் ரிசர்வ் வங்கி வெளியிட்ட வழிமுறைகள் சில பாதுகாப்புகளைத் தந்தன. கேளாமல் அட்டை வழங்கக் கூடாது. அவ்வாறு வழங்கிக் கட்டணம் விதித்தால் அதைத் திருப்பித் தருவதோடு இருமடங்கு அபராதமும் தரவேண்டும். நிலுவை இல்லாத நிலையில் அட்டையை முடித்துவிடக் கோரினால் ஏழு வேலை நாள்களுக்குள் முடித்துத் தரவேண்டும். தாமதித்தால் நாளொன்றுக்கு 500 ரூபாய் வாடிக்கையாளருக்குத் தரவேண்டும். கடன் வசூலிப்போர் காலை 8 மணிக்கு முன்போ மாலை 7 மணிக்குப் பின்போ தொலைபேசியில் அழைக்கக் கூடாது என்றும் அதே ஆண்டு ரிசர்வ் வங்கி ஆணையிட்டது. இவற்றை நம் வீடுகளில் எத்தனை பேர் அறிந்திருக்கின்றனர்?

கண்ணுக்குத் தெரியாத கணக்கு

மதரஸாவில் பாகப்பிரிவினைக் கணக்குப் படித்த பழக்கத்தால் இதனையும் தாளில் போட்டுப் பார்த்தோம். ஒருவருக்கு அட்டையில் 50,000 ரூபாய் நிலுவை. மாத வட்டி மூன்றரை விழுக்காடு, அதாவது ஆண்டுக்கு 42 விழுக்காடு என்று கொள்வோம். முதல் மாத வட்டி 1,750 ரூபாய். அவ்வட்டியின் மீது 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. 315 ரூபாய். ஆக 2,065 ரூபாய். குறைந்தபட்சத் தொகை 5 விழுக்காடு என்றால் அவர் செலுத்துவது 2,500 ரூபாய். இதில் கடனில் குறைவது 435 ரூபாய் மட்டுமே!

புதிதாக எதுவும் வாங்காமல் இப்படியே ஓராண்டு செலுத்தினால், ஏறத்தாழ 28,600 ரூபாய் கையை விட்டுப் போயிருக்கும். கடனோ இன்னும் 45,000 ரூபாய் இருக்கும். அதே மனிதர் மாதந்தோறும் 5,000 ரூபாய் எனத் தவறாமல் செலுத்தினால் பதினான்காம் மாதத்தில் கடன் முற்றிலும் தீர்ந்துவிடும்.

மேலும் இரண்டு செய்திகள். முழு நிலுவையையும் செலுத்தாமல் ஒரு சிறு பகுதியை விட்டுவைத்தாலும், வட்டியில்லாக் காலம் என்று சொல்லப்படும் சலுகை பொதுவாக நீங்கிவிடும். புதிதாக வாங்கும் பொருளுக்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடத் தொடங்கும். அட்டையைக் கொண்டு ஏ.டி.எம்.மில் ரொக்கம் எடுத்தால் எடுத்த நாள் முதலே வட்டி உண்டு. கட்டணமும் தனியே உண்டு.

மார்க்கத்தின் தீர்ப்பு

2000-ஆம் ஆண்டு செப்டம்பரில் ரியாதில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாடமி, தன் 12-ஆம் அமர்வில் இதைப் பற்றி 108-ஆம் தீர்மானத்தை நிறைவேற்றியது. வட்டி நிபந்தனை கொண்ட கடன் அட்டையை வழங்குவதும் பயன்படுத்துவதும் கூடாது. சலுகைக் காலத்திற்குள் செலுத்திவிடும் எண்ணம் இருந்தாலும் கூடாது என்பது அதன் சாரம். வட்டி நிபந்தனை இல்லாத அட்டைக்கு அது வழிவிட்டது. கடைக்காரரிடம் கழிவு பெறுவதும், உண்மையான சேவைக்கு ஈடான நிலையான கட்டணம் பெறுவதும் கூடும் என்றது. தவிர்க்க முடியாத தேவையுடையவர், ஒரு நாளும் வட்டி செலுத்த நேராத உறுதியான ஏற்பாட்டுடன் பயன்படுத்துவதற்கு இடமுண்டு என்று கூறும் ஆலிம்களும் உள்ளனர். இரு சாராரும் ஒன்றுபடும் இடம் வட்டி செலுத்துவது ஹராம் என்பதே. தம் கணக்கில் உள்ள பணத்தையே செலவிடும் டெபிட் கார்டில் இச்சிக்கல் இல்லை. நாஸிர் குஸ்ரவ் கண்ட பஸராச் சீட்டைப் போன்றது அது. பயணச் சீட்டும் இணைய வழிக் கட்டணமும் அதைக் கொண்டே பெரும்பாலும் முடிந்துவிடுகின்றன.

ஏற்கெனவே சிக்கியவர் செய்ய வேண்டியது என்ன? வெட்கப்பட்டு மறைப்பதே முதல் கேடு. கடன் சுமையிலிருந்து பாதுகாப்புத் தேடி நபி (ஸல்) அவர்கள் தொழுகையில் துஆச் செய்வார்கள். காரணம் கேட்கப்பட்டபோது, கடன்பட்டவர் பேசினால் பொய்யுரைக்கவும் வாக்களித்தால் மீறவும் நேர்கின்றது என்று விளக்கினார்கள். தொலைபேசி ஒலித்தால், வாப்பா வீட்டில் இல்லை என்று பிள்ளையைச் சொல்லவைக்கும் இல்லங்களில் அப்பொன்மொழியின் உண்மையைக் காண்கின்றோம்.

ஆதலின், முதலில் தவ்பாச் செய்து அட்டையில் புதிய செலவை நிறுத்துக. எல்லாக் கடன்களையும் ஒரே தாளில் எழுதி மனைவியிடம் காட்டுக. ஒன்றுக்கு மேற்பட்ட அட்டைகள் இருப்பின் எல்லாவற்றிலும் தவணை தவறாமல், கூடுதல் வட்டியுள்ளதை முதலில் அடைத்து முடிக்க. ஓர் அட்டையை அடைக்க இன்னோர் அட்டையை எடுக்காதீர். பயன்படாமல் கிடக்கும் நகை இருப்பின், அதை வட்டிக்கு அடகு வைப்பதைவிட விற்றுவிடுவதே மேல். காபா நிலத்தை விற்ற மகனாரை நினைவுகூர்க. செலுத்தவே இயலாத நிலையில், வங்கிக்கு எழுத்து மூலம் நிலையை விளக்கித் தீர்வு கேட்கலாம். முடித்துக்கொண்டதும் நிலுவை இல்லை என்ற சான்றைக் கேட்டுப் பெற மறவாதீர். வங்கி முப்பது நாளில் பதிலளிக்காவிடில் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம்.

வஃபாத்தானவரின் அட்டைக் கடனைப் பற்றியும் குடும்பத்தார் அறிந்திருக்க வேண்டும். வஸிய்யத்துக்கும் பாகப்பிரிவினைக்கும் முன்னர் கடனை அடைப்பது ஷரீஅத்தின் விதி. நம் நாட்டுச் சட்டப்படி, இறந்தவர் விட்டுச்சென்ற சொத்தின் அளவுக்கே வாரிசுகள் அவருடைய கடனுக்குப் பொறுப்பாவர். ஜாமீன் கையெழுத்திடாத விதவையைத் தன் சொந்தப் பணத்திலிருந்து செலுத்துமாறு மிரட்ட எவருக்கும் உரிமையில்லை.

முடிவாக

தொடக்கத்தில் கூறிய சகோதரரின் கடன் என்னவாயிற்று என்று நீங்கள் கேட்கக்கூடும். ஜமாஅத்தின் பெரியவர் இருவர் இறப்புச் சான்றுடன் வங்கிக்குச் சென்றனர். மூன்று முறை அலைந்த பின், வட்டியும் அபராதமும் பெரும்பாலும் நீக்கப்பட்டு நாற்பத்திரண்டாயிரம் ரூபாய்க்குத் தீர்வாயிற்று. மய்யித்தின் இருசக்கர வாகனத்தை விற்ற தொகை இருபத்தேழாயிரம். எஞ்சிய பதினைந்தாயிரத்தை ஒருவர் ஏற்றுக்கொண்டார். பெயரைச் சொல்ல வேண்டாம் என்றார். பதினான்கு நூற்றாண்டுகளுக்குப் பின்னும் அபூ கதாதா (ரலி) அவர்களின் அடிச்சுவடு அழியவில்லை.

அந்நாள் தொட்டு நாம் ஜனாஸாவில் வினவும் முறையைச் சற்று மாற்றிக்கொண்டோம். ஸஃப்புகளை நோக்கி அறிவிப்பதோடு, குடும்பத்தாரைத் தனியே அழைத்து, வங்கி, அட்டை, தவணைக் கடன் ஏதேனும் உண்டா என்று மென்மையாகக் கேட்கின்றோம். ஆயினும் அது காலம் கடந்த கேள்வி. உயிரோடிருக்கும்போதே கேட்கப்பட வேண்டிய கேள்வி அது.

எனவே நிர்வாகக் குழுவினருக்கு ஒரு வேண்டுகோள். நம் பைத்துல்மாலில் கர்ளன் ஹஸனா என்னும் அழகிய கடனுக்கென ஒரு தனிக் கணக்கு தொடங்குங்கள். அட்டைக் கடனில் தத்தளிப்பவரின் அசலை அடைக்க அதிலிருந்து கொடுத்து, வட்டியின்றிச் சிறு தவணைகளில் திரும்பப் பெறுங்கள். தகுதியுடைய கடனாளிகளுக்கு ஜகாத்திலிருந்தும் பங்கு வையுங்கள். உதவி கேட்பவரின் பெயர் கூட்டத்தில் வாசிக்கப்படாமல் மறைவாக இருக்கட்டும்.

இளைஞர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் கடன்களை எழுதிய ஒரு தாள் வீட்டில் இருக்கட்டும். திருமறையின் மிக நீண்ட வசனம் நமக்குக் கற்பித்தது அதுவே. பஜ்ருக்குப் பின் பள்ளியில் நாம் இருப்போம். இம்முறை எவ்வளவு என்று நிச்சயம் கேட்போம். கேட்டுவிட்டு உட்கார்ந்து பேசுவோம்.

கடன் சுமையிலிருந்தும் அதன் இழிவிலிருந்தும் அல்லாஹ் நம் அனைவரையும் காத்தருள்வானாக! கடனோடு சென்றவர்களின் கடன்களை நிறைவேற்ற நமக்குத் தவ்ஃபீக் அளிப்பானாக! ஆமீன்.

வஸ்ஸலாம்.